செக்ரோலும் கணினியும்: மலையகப் பதிவேடுகளின் ஊடக மாற்றம் பற்றிய சில குறிப்புகள்

பெருந்தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுத முற்படுவோர் அனைவரும் ஏதோ ஒரு கட்டத்தில் செக்ரோல் எனப்படும் பெயரேட்டின் முன் வந்து நிற்கின்றனர். அன்றன்று யார் வேலைக்கு வந்தார், எந்த மலையில் என்ன வேலை செய்தார், எவ்வளவு கொழுந்து நிறுத்துக் கொடுத்தார், அவருக்கு விழுந்தது முழுப்பேரா அரைப்பேரா என்பனவற்றைப் பதிந்து வைக்கும் இவ்வேடு தோட்ட நிருவாகத்தின் தேவைக்காகத் தோன்றியது. தொழிலாளரின் தேவைக்காக அன்று. ஆயினும் எழுத்தறிவு நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்த ஒரு மக்கட் கூட்டத்தினர் இடையறாது எழுத்தில் இடம்பெற்ற மிகச் சில ஆவணங்களுள் இதுவே முதன்மையானது. அடக்குவோனின் கணக்கேட்டுக்குள் அடக்கப்பட்டோனின் வாழ்க்கைக் குறிப்பு கிடக்கின்றதென்பது வரலாற்றுப் பொருள்முதல்வாதிக்குப் புதுமையான செய்தியன்று. புதுமையானது, அக்கணக்கேடு கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளுள் அடைந்திருக்கும் ஊடக மாற்றமாகும். தாளிலிருந்த செக்ரோல் கணினிக்குப் போயிற்று; கணினிக்குப் போனது இன்று திறக்க முடியாததாகிக் கிடக்கின்றது. கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியில் அவ்வாறான பதிவேடொன்றைத் திறக்க முயன்ற அனுபவமே இக்கட்டுரைக்கு அடிப்படை.

முதலிற் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவோம். கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டபோது, கோப்பிக் காலத்துப் பதிவு முறைகள் ஏற்கெனவே வேரூன்றியிருந்தன. கங்காணி தன் ஆட்களின் பெயர்களை மனத்திலும் ஓரளவு தாளிலும் வைத்திருந்தான். அம்முறையின் உச்சம் 'துண்டு' எனப்பட்ட தாளாகும். கங்காணியும் அவனது ஆட்களும் பட்டிருந்த கடனைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுத்த அத்தாளைக் கொண்டு, இன்னொரு தோட்டத்துத் துரை கடனைச் செலுத்தி ஆட்களைப் பெற்றுக்கொண்டான். தொழிலாளி வாசிக்கவியலாத ஒரு கடதாசி அவனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கைமாற்றியது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. கடன் ஒழியவில்லை என்பதையும் இங்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எமது நோக்கில் இதனைவிட முக்கியமான திருப்பம் 1958 இல் ஏற்பட்டது. அவ்வாண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஊழியர் சேமலாப நிதி நிறுவப்பட்டது. 1980 இல் ஊழியர் நம்பிக்கை நிதியம் தொடர்ந்தது. அதுவரை தொழிலாளியைக் கட்டி வைக்கும் கயிறாக மாத்திரம் இருந்த பெயரேடு, இப்போது அவர் தமது சேவைக்காலத்தை நிறுவுவதற்கான சான்றாகவும் ஆயிற்று. ஒரே ஏடு இரு வர்க்கங்களுக்கும் வேண்டியதாயிற்று. ஆனால் ஏட்டைப் பாதுகாக்கும் பொறுப்பும் அதிகாரமும் ஒரு வர்க்கத்தின் கையிலேயே தங்கின. இம்முரண்பாட்டை மனங்கொள்ளாது பின்வரும் தொழினுட்ப விவரங்களைப் படித்தால், அவை வெறும் இயந்திரக் கோளாறுகளாகவே தோன்றும்.

1972 இலும் 1975 இலும் தோட்டங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கம்பனி நிருவாகம் கணக்கை விரைவாகக் கேட்டது. தலைமை அலுவலகத்துக்கு மாத முடிவிற் சுருக்கம் போக வேண்டியிருந்தது. தோட்டத்துக் கந்தோர்களிற் சம்பளக் கணக்கு படிப்படியாகக் கணினிக்கு மாறிய காலம் இதுவே.

அந்நாளில் மலிவாகக் கிடைத்த கணினி, ஐ.பி.எம். நிறுவனம் 1981 இல் வெளியிட்ட தனியாள் கணினியின் வழிவந்தது. அதனை இயக்கியது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொஸ் என்னும் பணிசெயல் முறைமை. 640 கிலோபைற் நினைவகத்துக்குள் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மாத்திரம் ஓட்டும் எளிய முறைமை அது. கறுப்புத் திரையில் எழுத்துகள், சுட்டி இல்லை, படம் இல்லை. டீபேஸ், கிளிப்பர், பொக்ஸ்புரோ போன்ற கருவிகளைக் கொண்டு சிறு நிறுவனங்களின் கணக்குகளுக்கென உள்ளூர் நிரலாளர்கள் எழுதிய மென்பொருள்கள் உலகெங்கும் எண்ணற்றவை. அவற்றை எழுதியோரின் பெயர்கள் எந்தக் கணினி வரலாற்றிலும் இல்லை.

டொஸ் கணினியின் எழுத்து அட்டவணையில் 256 இடங்களே இருந்தன. ஆங்கில எழுத்துகளும் சில ஐரோப்பிய எழுத்துகளும் கட்டம் வரைவதற்கான கோடுகளும் அவ்விடங்களை நிரப்பியிருந்தன. தமிழுக்கோ சிங்களத்துக்கோ அங்கு இடமில்லை. விளைவு யாது? கணக்கப்பிள்ளையின் கையேட்டில் ஏதோ ஒரு வகையிற் தமிழில் எழுதப்பட்டு வந்த பெயர், கணினிக்குள் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நுழைந்தது. இலட்சுமி என்னும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை வகையாக எழுதலாம் என்பதை மலையகத்தில் ஆவணங்களோடு பழகிய எவரும் அறிவர். பிறப்புச் சான்றிதழில் ஒரு வகை, அடையாள அட்டையில் ஒரு வகை, சேமலாப நிதிப் பதிவில் ஒரு வகை. இதற்கு மேல் கணினி இன்னுமொன்று செய்தது: பெயருக்கென ஒதுக்கிய புலத்தின் நீளத்துக்கு அப்பாற்பட்ட எழுத்துகளை வெட்டிவிட்டது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாற் பெருந்தொகையினர் நாடற்றோராக்கப்பட்ட ஒரு சமூகத்தில், ஆவணத்தில் ஓரெழுத்துப் பிழைப்பதன் பொருள் என்னவென்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி எமது அனுபவத்துக்கு வருவோம். காமன் கூத்து ஆடியோரின் வாய்மொழி வரலாறுகளைச் சேகரிக்கும் நோக்குடன் கண்டிக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றுக்கு நாம் சென்று வந்துகொண்டிருந்தோம். தோட்டத்தின் பெயரும் கம்பனியின் பெயரும் இங்கு வேண்டப்படுவன அல்ல. ஆட்டக்காரர் ஒருவரின் சகோதரி, ஓய்வுபெற்ற கொழுந்துத் தொழிலாளி, தமது சேமலாப நிதியிற் சில ஆண்டுகளுக்கான பணம் வரவு வைக்கப்படவில்லையெனவும், அவ்வாண்டுகளில் தாம் வேலை செய்தமைக்குச் சான்று கேட்கப்படுவதாகவும் கூறினார். 1990களின் நடுப்பகுதிக்கு முந்திய தாள் செக்ரோல்களில் ஒரு பகுதி கந்தோரின் பின்னறையில் மழை ஒழுக்கிலும் கறையானிலும் அழிந்துபோயிருந்தது. அதற்குப் பிந்தியவை கணினியில் இருந்தன. கந்தோரிலிருந்த கணினியோ அண்மையில் மாற்றப்பட்டது. பழைய சம்பள நிரலைப் புதிய கணினியிற் தொடங்கினால், இது இக்கணினியில் ஓடாது என்ற ஒற்றை அறிவித்தலே திரையில் வந்தது. புதிய சம்பள மென்பொருளுக்கு மாறியபோது கடைசி ஆண்டின் நிலுவைகள் மாத்திரமே கொண்டுவரப்பட்டிருந்தன. பழைய கோப்புகள் முழுவதையும் ஓர் இறுவட்டிற் படியெடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தவர் கிளாக்கர் ஐயா ஒருவர். அவ்வாறு செய்யும்படி அவருக்கு எவரும் பணிக்கவில்லை.

நிரல் ஏன் ஓடவில்லை? டொஸ் நிரல்கள் 16 பிற்று நிரல்கள். 1993 இல் வெளிவந்த விண்டோஸ் என்.டி. தொடக்கம், அந்நிரல்களுக்கென ஒரு போலி டொஸ் கணினியை விண்டோஸ் தன்னுள் வைத்திருந்தது. 2001 இல் எக்ஸ்பி வந்தபோது இவ்வேற்பாடு சாதாரண மக்களின் கணினிகளுக்கும் வந்தது. 32 பிற்று விண்டோஸ் உள்ளவரை, 10 ஆம் பதிப்பிலுங்கூட, இதனைப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் 64 பிற்றுப் பதிப்புகளில் இது சேர்க்கப்படவில்லை. 2021 இல் வெளியான விண்டோஸ் 11 இற்கு 32 பிற்றுப் பதிப்பே கிடையாது. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆந் திகதியுடன் முடிந்தது. ஆகவே இற்றைப்படுத்தல் என்னும் பெயரில் ஒவ்வொரு கந்தோரும் பழைய நிரல்களுக்குக் கதவடைக்கும் பக்கத்துக்கே தள்ளப்படுகின்றது.

இதற்குத் தொழினுட்பக் காரணம் உண்டு. 64 பிற்று நிலையில் ஓடும் முறைவழியாக்கி, பழைய 8086 முறைவழியாக்கியைப் போல இயங்கும் தனது நிலையைக் கைவிட்டுவிடுகின்றது. இதனை மறைத்து எல்லாவற்றையும் முதலாளித்துவச் சதியெனக் கூறுவது எமது ஆய்வு முறைக்கு இழுக்காகும். ஆயினும் வன்பொருள் செய்யாததை மென்பொருளாற் செய்விக்க முடியும். இன்ரெல் வகை முறைவழியாக்கி அல்லாத வேறு இயந்திரங்களில் விண்டோஸ் என்.டி. ஓடியபோது அந்நிறுவனமே அதனைச் செய்தது. 64 பிற்றில் அதனைச் செய்யாமல் விட்டது ஒரு வணிகத் தீர்மானம். மூலதனம் முதல் தொகுதியில் இயந்திரத்தின் தேய்மானத்தை மார்க்ஸ் இரண்டாகப் பகுக்கிறார்: பாவனையால் வரும் பௌதிகத் தேய்வு ஒன்று, இயந்திரம் நன்றாக இருக்கும்போதே, அதனினும் மலிவானது அல்லது சிறந்தது வந்தமையால் அது மதிப்பிழப்பது மற்றொன்று. சம்பள நிரலில் ஒரு பற்சில்லும் தேயவில்லை. அது எழுதப்பட்ட நாளில் எவ்வாறு கூட்டியதோ அவ்வாறே இன்றும் கூட்டும். நிலம் அதன் காலடியிலிருந்து எடுக்கப்பட்டது.

இவ்விடத்தை நிரப்பியவர்கள் யார் என்பதும் கவனத்துக்குரியது. டொஸ் வளர்ச்சியை மைக்ரோசொப்ட் கைவிடப்போகின்றது என்ற செய்தி வந்த 1994 இல், அமெரிக்க மாணவர் ஜிம் ஹோல் பிரீடொஸ் என்னும் கட்டற்ற முறைமையைத் தொடங்கினார். 2002 இல் டொஸ்பொக்ஸ் வெளியாயிற்று. நெதர்லாந்தைச் சேர்ந்த இரு நிரலாளர் தொடக்கி, பலரின் ஊதியமற்ற உழைப்பால் வளர்ந்த மென்பொருள் அது. புதிய கணினிக்குள் ஒரு பழைய கணினி முழுவதையும், அதன் முறைவழியாக்கி, திரை, விசைப்பலகை உட்பட, போலச் செய்து காட்டுவது அதன் வேலை. அது செய்யப்பட்டது பழைய விளையாட்டுகளுக்காக. தொழிலாளரின் சம்பள ஏட்டுக்காக அன்று. மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது டொஸ் 4.0 இன் மூல நிரலை 2024 ஏப்ரிலில் எவரும் பயன்படுத்தலாமென வெளியிட்டது. பரிவர்த்தனை மதிப்பு வற்றிய பின்னரே ஒரு பண்டம் பொதுச்சொத்தாகின்றது போலும்.

இறுவட்டிலிருந்த கோப்புகளைப் பொறியியற் பீட மாணவர் ஒருவரின் உதவியுடன் முதலில் நேரடியாகத் திறந்தோம். டீபேஸ் வடிவத்தின் அமைப்பு பரவலாக அறியப்பட்டதாகையால், கட்டற்ற அட்டவணை மென்பொருள்களும் அதனைத் திறக்கின்றன. திரையில் எண்கள் வந்தன. தொழிலாளி இலக்கம், திகதி, வேலைக் குறியீடு, கிலோ. வெற்றி என்றே கருதினோம். பின்னர்தான் இரு தடைகள் தெரிந்தன. ஒருவர் வேலையை விட்டு நின்றால் அவரது இலக்கம் வேறொருவருக்கு வழங்கப்பட்டிருந்தது. எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை அவ்விலக்கம் யாருக்குரியது என்பதை நிரலே அறிந்திருந்தது. மற்றையது இன்னும் பாரதூரமானது. முழுப்பேர், அரைப்பேர் என்ற விவரம் கோப்பிற் பதியப்பட்டிருக்கவேயில்லை. பறித்த கொழுந்தின் நிறை அன்றைய அளவுக்குக் குறைந்தால் அரைப்பேர் என நிரல் தானே கணித்துக்கொண்டது. கிலோ மட்டும் கோப்பில்; விதி நிரலுக்குள்.

இதனை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். தாள் செக்ரோலில் அரைப்பேர் ஒரு மனிதனின் கையால் இடப்பட்ட கீறல். மறுநாட் காலைப் பிரட்டுக்களத்தில் அக்கீறலைக் காட்டிச் சண்டை பிடிக்க முடிந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஏட்டை விரித்து வைத்துக் கேட்க முடிந்தது. கணினிக்கு வந்தபின் அதே கீறல், தொகுக்கப்பட்ட நிரலின் உள்ளே, எவரும் வாசிக்கவியலாத ஓரிடத்துக்குச் சென்றுவிட்டது. கிளாக்கருக்கும் அது தெரியாது. 'கம்பியூட்டர் அப்படித்தான் போடுது' என்பதே அவர் கூறக்கூடிய விடை. துண்டுக் காலத்தில் தொழிலாளியால் வாசிக்க முடியாத தாள்; இக்காலத்தில் கிளாக்கராலும் வாசிக்க முடியாத விதி. உழைப்பை அளக்கும் கோல் உழைப்பவரின் பார்வையிலிருந்து மேலும் ஒரு படி விலகிற்று. எனவே நிரல் ஓடினாலன்றித் தொழிலாளி எத்தனை நாள் வேலை செய்தாரென்பதைக்கூடச் சொல்ல முடியாத நிலை.

ஆகவே டொஸ்பொக்சை நாடினோம். நிரல் எழுந்து நின்றது. தொடக்கத்திலேயே திகதி கேட்டது. ஆண்டுக்கு இரண்டு இலக்கங்கள் மாத்திரமே ஏற்றது. கண்டி நகரிற் பழைய கணினி திருத்தும் கடைக்காரர் ஒருவரே அதற்கு வழி சொன்னார்: பதிவேடு முடிந்த ஆண்டின் திகதியையே கொடுத்துவிட்டால் நிரல் குழம்பாது. அறிக்கைகளை அச்சிடுவது அடுத்த சிக்கல். டொஸ் நிரல்கள் இணைத்துறை வழியாகப் புள்ளி அச்சுப்பொறிக்கு நேரே எழுத்துகளை அனுப்புவன. இன்றைய அச்சுப்பொறிக்கு அத்துறையே இல்லை. டொஸ்பொக்சின் மூல வடிவம் அச்சிடுதலைக் கவனிப்பதுமில்லை. அதன் கிளையாகிய டொஸ்பொக்ஸ்-எக்ஸ் அச்சுக்குப் போவதைக் கோப்பாகப் பிடித்துத் தருகின்றது. இரண்டு பின்னேரங்கள் இதிற் சென்றன. விவரங்களை இங்குத் தருவதற்குக் காரணம் உண்டு: இதே முயற்சியில் ஈடுபடும் ஆய்வு மாணவர், மூலக் கோப்புகளைத் தொடாமற் படியெடுத்த பின்னரே நிரலை ஓட்டுதல் வேண்டும். நாம் முதல் முறை அவ்வாறு செய்யவில்லை. நிரல் தொடங்கியதும் சுட்டிக் கோப்புகளைத் தானே மாற்றி எழுதிவிட்டது. நல்வாய்ப்பாக இறுவட்டு இருந்தது.

எண்ணும் ஆங்கிலமும் கொண்ட பதிவேட்டின் நிலை இதுவெனின், தமிழிற் பதிந்தவற்றின் நிலை பிறிதொன்று. எழுத்துத் திரையின் ஒரு கட்டம் எட்டு அல்லது ஒன்பது புள்ளி அகலமே உடையது. தமிழின் அகன்ற எழுத்துகள் அதற்குள் அடங்கா. ஆகையால் 1980களிற் கனடாவில் உருவான ஆதமி போன்ற மென்பொருள்கள் தமிழுக்கெனத் தனி வழி வகுத்தன. மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு வளர்ந்தது. இந்தியாவிற் கான்பூர்த் தொழினுட்பக் கழக ஆய்வின் வழிவந்த ஜிஸ்ட் அட்டை, கணினிக்குள்ளேயே செருகப்பட்டது. ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு முறை வைத்திருந்தது. பின்னர் விண்டோசின் மேல் பாமினி எழுத்துரு எமது நாட்டின் அச்சகங்களையும் கந்தோர்களையும் ஆட்கொண்டது. பாமினியில் எழுதிய 'தமிழ்' என்ற சொல், எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். ஒருங்குறியில் 1991 முதலே தமிழ் உண்டு. இலங்கையின் தமிழ்க் குறியீட்டு நியமம் 2008 இலேயே வந்தது. இடைப்பட்ட காலத்துத் துண்டுப் பிரசுரங்கள், தொழிற்சங்க அறிக்கைகள், சிற்றிதழ்ப் பிரதிகள் ஆகியவற்றுள் அச்சாகாதவை எத்தகைய தட்டுகளிற் கிடக்கின்றன என்பதை ஒவ்வொரு சங்கமும் தன் அலுமாரியைத் திறந்து பார்த்தல் நலம்.

ஏட்டுச் சுவடிகளின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. ஓலை அழியுமுன் படியெடுத்தவையே எஞ்சின. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தமை, அதுவரை யாரோ படியெடுத்து வந்தமையாலேயே இயன்றது. ஆனால் யாருடைய ஓலை படியெடுக்கப்பட்டது? மடமும் வித்துவானும் வேண்டியவை. கோயிற் கணக்கும் நிலக்கிழாரின் சாசனமும் நிலைத்த அளவுக்கு உழவனின் கூலிக் கணக்கு நிலைக்கவில்லை. டொஸ்பொக்ஸ் விளையாட்டுக்குப் பிறந்தது என மேலே கூறியதை இதனோடு சேர்த்து வாசிக்கலாம்.

கண்டியில் இரு நூதனசாலைகள் இத்தொழிலைப் பற்றியவை. ஹந்தானையில், 1925 இற் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலையில் அமைந்துள்ள தேயிலை நூதனசாலை உருளைகளையும் எஞ்சின்களையும் காட்டுகின்றது. கம்பளையை அடுத்த ஓல்ட் பீகொக் தோட்டத்தில் 2007 இல் திறக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் நூதனசாலை, லயக் காம்பிராவையும் தொழிலாளரின் புழங்குபொருள்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கின்றது. இரண்டாவதே எமக்கு அண்மையானது என்பதைச் சொல்லவேண்டியதில்லை. உருளையை ஓடாமலும் பார்வைக்கு வைக்கலாம். பெயரேட்டு நிரல் ஓடாவிடில் அங்குக் காண ஒன்றுமில்லை.

அச்சிட்ட பக்கங்களை எடுத்துக்கொண்டு அவ்வம்மையாரின் லயத்துக்குச் சென்றோம். பெயர் மூன்று இடங்களில் மூன்று வகையாக இருந்தது, இலக்கம் ஒன்றே. மாதம் மாதமாக நாள்களை வாசித்துக் காட்டினோம். ஒரு மாதத்திற் பாதி நாள்களுக்கு மேல் அரைப்பேராக வந்தபோது அவர் இடைமறித்தார்.

"அந்த மாசம் ஒரு நாளும் தவறாம போனேன் தம்பி. மழைக்குக் கொழுந்தே இல்ல. மத்தவங்களுக்கும் அரைப்பேருதான் போட்டாங்க. பாருங்க, அவங்க கணக்கும் அதுல இருக்கும்."

இருந்தது. அதே மலையில் அம்மாதம் வேலை செய்த பெண்களுட் பெரும்பாலோருக்கு அவ்வாறே விழுந்திருந்தது. அவருடைய பக்கங்களைக் கிளாக்கர் ஐயாவின் கையொப்பத்துடன் விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்பியுள்ளோம். கணினி அச்சைச் சான்றாக ஏற்கலாமா என்பது பற்றிய பதில் இன்னும் வரவில்லை. மற்றைய பெண்களின் பக்கங்களையும் இப்போது அச்சிட்டு வருகின்றோம்.